டிராக்டரை விட்டு இறங்காத கூண்டுகள்

எனக்குப் பிரிவுபசார விழா நடத்திய அன்று, பீளமேட்டு அலுவலகத்தில் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, "பேசுங்க பாய்" என்றார்கள். காலமெல்லாம் வாயை வைத்தே பிழைத்தவன் நான். அன்று பார்த்து, "எல்லாருக்கும் நன்றி, கேசரி நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "இத்தனை வருஷம் ஊரெல்லாம் பேசினீங்க, கடைசியா கேசரியப் பத்தியா பேசிட்டு வந்தீங்க?" நியாயமான கேள்விதான்.

விழா முடிந்து கிளம்பும்போது வித்யா என்ற பெண் பைக் நிறுத்துமிடம் வரை கூடவே வந்தாள். பிரச்சார வேலைக்கு எனக்குப் பிறகு வந்திருப்பவள், கெட்டிக்காரி. "பாய், நீங்க ஒரு பண்ணையக்கூட ஒளிஞ்சு வீடியோ எடுத்ததில்லையாமே, நெஜமாங்களா? அப்புறம் எப்படி ஜெயிச்சீங்க?" என்றாள். இப்போதெல்லாம் சட்டைப் பொத்தானுக்குள் கேமரா வைக்கிறார்கள். கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏற வேண்டாம், போனிலேயே ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது. அதை நான் கேலி செய்யவில்லை, எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் டாக்டர் மரகதம் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பைக் நிறுத்துமிடத்தில் நின்று பேசித் தீர்கிற சங்கதி அல்ல.

என்னைப் பற்றி ரொம்ப வேண்டாம். கோட்டைமேட்டில் பிறந்தவன். அத்தா பண்ணைகளிலிருந்து கோழி எடுத்துக் கடைகளுக்குப் போடும் வியாபாரி. ஒரு உயிருக்கு முன்னால் கத்தியைத் தீட்டக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். நான் கொஞ்ச காலம் ஒரு கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசராகக் கொட்டகை கொட்டகையாகச் சுற்றினேன். அங்கே பார்த்தவை மனதுக்குப் பிடிக்காமல் வெளியே வந்து, மரகதம் அம்மாள் நடத்திய சின்ன அமைப்பில் சேர்ந்தேன். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய தமாஷ். "கோழி யாவாரி மகன் கோழிக்குக் கொடி பிடிக்கிறாண்டா" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். "நான் கோழி சாப்பிடறவன். அதனாலதான் அது எப்படி வளருதுன்னு கேட்கறேன். உனக்கென்ன வலிக்குது?" என்பேன். அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

எங்கள் அமைப்பு கேட்டது இரண்டே விஷயம். கோழிகளைத் திரும்பக்கூட இடமில்லாத கம்பிக் கூண்டில் அடைத்து வளர்ப்பது நிற்க வேண்டும். அதற்கு முதல் படியாக, அரசாங்க மானியம் கூண்டுக்கும் எண்ணிக்கைக்கும் போகாமல், கோழிக்கு இடம் கொடுத்து வளர்க்கிற விவசாயிக்குப் போக வேண்டும். விவசாயி கெட்டவன் என்று அம்மாள் ஒரு நாளும் சொன்னதில்லை. "தண்ணி எந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டியிருக்குதோ அந்தப் பக்கந்தான் போகும். விவசாயியத் திட்டி என்ன பண்ண? வாய்க்கால மாத்தோணும்" என்பார்.

அம்மாள் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். கிணத்துக்கடவுப் பக்கம் பெரிய தோட்டக்காரக் குடும்பம். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், தோளில் ஒரு துணிப்பை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். என்னைச் சாதாரணமாக "சலீமு" என்பவர், "ஏனுங்க சலீம், இதென்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்று ஆரம்பித்தால் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

அவரிடம் வேலை செய்வதற்குச் சில முறைகள் இருந்தன. சொல்லாமல் எந்தப் பண்ணைக்கும் போகக்கூடாது. ஒரு பண்ணைக்குள் கால் வைத்தால் அன்றைக்கு இன்னொரு பண்ணைக்குப் போகக்கூடாது. நோய் பரவினால் முதல் பழி நம் தலையில்தான் விழும் என்பார். வாசலில் கிருமிநாசினித் தட்டில் காலை நனைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் படம் எடுக்கக்கூடாது. "ஒளிஞ்சு எடுத்த படத்த வெச்சு ஒரு கொட்டாய மூடலாம் சலீமு. அப்புறம் நமக்கு ஒரு கொட்டாயும் தொறக்காது." வீட்டுக்காரரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம் பேச வேண்டும். முட்டை பொறுக்குவதும் எருவை அள்ளுவதும் அவர்கள்தானே. எல்லாவற்றையும்விட முக்கியமான முறை, கொட்டகைக்குள் நுழைந்ததும் குந்தி உட்கார்ந்துவிட வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் மனுஷன் மூக்குக்கு எட்டுவது பாதிதான். எருவிலிருந்து கிளம்பும் அமோனியா நெடி கீழேதான் கண்ணைப் பிடுங்கும். தரையில் வளர்க்கிற கொட்டகை என்றால் கீழே பரப்பியிருக்கிற தேங்காய் நார்க் கழிவை ஒரு பிடி எடுத்து அழுத்துவார். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்ல பராமரிப்பு. உருண்டையாக நின்றால் ஈரம், நோய் வரும். இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை பண்ணைக்காரரிடம் ஒரு குறையும் சொல்லமாட்டார். கொடுத்த மோரை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

இனி செல்வராஜ் - தனலட்சுமி விஷயத்துக்கு வருகிறேன்.

கிணத்துக்கடவிலிருந்து உள்ளே தள்ளி அவர்களுடைய தென்னந்தோப்பு. தேங்காய் விலை படுத்த சமயத்தில் அரசாங்க மானியத்தோடு வங்கிக் கடன் வாங்கி, தோப்பை அடமானம் வைத்து, முட்டைக்கோழிக் கூண்டுக் கொட்டகை போட்டார்கள். மானியம் ஒரு பகுதி வந்துவிட்டது. மீதி, அதிகாரிகள் கூட்டாக வந்து ஆய்வு செய்த பிறகு வரும். முட்டை எடுப்பதெல்லாம் தனலட்சுமி. ஒரு வருடத்துக்குள் அவருக்கு வீசிங் வந்துவிட்டது. கூண்டிலிருந்து தவறி விழுந்து தப்பிய சில கோழிகளை அவர் பிடித்து அடைக்காமல் தோப்பில் விட்டிருந்தார். அவை தென்னைக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு, இறக்கை முளைத்து, ஆளே மாறிவிட்டன. எங்களைக் கூப்பிட்டது அவர்தான். "அதுக்கும் மூச்சு முட்டுது, எனக்கும் மூச்சு முட்டுதுங்க டாக்டரம்மா. கூண்டு வேண்டாமுங்க" என்றார்.

அம்மாள், "அவசரப்படாத அம்மணி. மானிய ஆணையில என்ன எழுதியிருக்குதுன்னு பாத்துப்போட்டு அப்புறம் கழட்டலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அடுத்த வாரமே தனலட்சுமிக்கு மூச்சுத்திணறல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. செல்வராஜ் சாது மனிதர்தான். மனைவியை ஆக்ஸிஜன் வைத்துப் படுக்கப்போட்டதைப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாள் ஆள் வைத்துக் கூண்டு மொத்தத்தையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். தனலட்சுமி திரும்பி வந்தபோது கோழிகளெல்லாம் தரையில் நடமாடிக்கொண்டிருந்தன. அம்மாளும் நானும் போய், நார்க் கழிவு பரப்பி, இரவில் கோழிகள் அடைய மூங்கிலில் பரண் கட்டி, பழைய பிளாஸ்டிக் டப்பாக்களில் வைக்கோல் போட்டு முட்டையிடும் பெட்டிகள் வைத்துக்கொடுத்தோம். தனலட்சுமிக்கு மூச்சு சீரானது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆணையைத் தேடி எடுத்துப் படித்தபோதுதான் இடி விழுந்தது. மானியம் "கூண்டு முறை"க்கு மட்டும் என்று இருந்தது. ஆய்வின்போது கூண்டு இல்லையென்றால் மீதி வராது. வந்ததையும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட முடியாது என்பது ஊருக்கே தெரியும். அப்படியானால் தோப்பு வங்கிக்குப் போகும். செல்வராஜுக்கு வேறு நிலம் கிடையாது.

பக்கத்துத் தோட்டத்து நடராஜ் ஓடி வந்தார். செல்வராஜுக்கு மச்சான் முறை, அவருடைய கொட்டகையும் கூண்டுக் கொட்டகைதான். "இதுக்கா இத்தன ரோசனை? எங்கிட்டப் புதுசா வாங்கின கூண்டு மாட்டாமக் கெடக்குது. ஆய்வு அன்னிக்கு மாட்டிப்போடலாம். ஆபீசருங்க போனதும் கழட்டிக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதல்ல. மாட்டுக் கடன் கொடுத்த வங்கி பார்க்க வருகிறதென்றால், ஒரே மாடு நாலு வீட்டுத் தொழுவத்தில் நின்று காட்சி கொடுத்துவிட்டு வரும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, பக்கத்து வீட்டுக்குச் செய்கிற ஒத்தாசை என்றுதான் நினைப்பார்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கூண்டா தோப்பா என்று கேட்டால் தோப்புதானே?

அம்மாள் மோரைக் குடித்து முடித்தார். பிறகு தனலட்சுமியைப் பார்த்துத்தான் பேசினார்.

"தோப்பு எங்களுதில்ல அம்மணி. முடிவும் எங்களுதில்ல. இரவல் கூண்டு மாட்டறதுன்னா நான் தடுக்கமாட்டேன், யாருகிட்டயும் சொல்லவும்மாட்டேன். ஆனா ஒண்ணு. 'கூண்டு இருக்குது, நல்லா நடக்குது'ன்னு ஆய்வுல எழுதுவாங்க. அடுத்து வாரவனுக்கும் அதே ஆணைதான் போகும். கூண்டு வேண்டாம்னு இங்க யாருமே சொன்னதில்லைன்னு ஆயிரும். இன்னொண்ணு, நடமாடப் பழகின கோழியப் புடிச்சுத் திரும்ப உள்ள அடைக்கோணும். அத உன்ற கையாலதான் செய்யோணும். ரோசன பண்ணிக்க."

"மாட்டலைன்னா என்னங்க பண்றது?" என்றார் செல்வராஜ்.

"மாட்டலைன்னா, நானே ஆபீசுக்குப் போயி, கூண்ட எடுத்துப்போட்டாங்க, வந்து பாருங்கன்னு முன்கூட்டியே சொல்லுவேன். அப்புறம் கலெக்டர் வரைக்கும் போவேன். ஜெயிப்போம்னு சொல்லமாட்டேனுங்க. அப்படிச் சொன்னா அது பொய்."

இந்த இடத்தில் என் மனதை மறைக்காமல் சொல்கிறேன். எத்தனையோ தலைவர்களை மேடையில் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் நிலத்தைப் பணயம் வைத்துக் கொள்கை பேசாத ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து தனலட்சுமி போன் செய்தார். "ஆபீசுல சொல்லிப்போடுங்க டாக்டரம்மா" என்றார்.

அம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு, ஆய்வுக்கு வரவேண்டிய கால்நடைத் துறை அதிகாரியைப் போய்ப் பார்த்தார். நடுத்தர வயது, சட்டை மடிப்புக் கலையாத மனிதர், அவரும் கால்நடை மருத்துவர்தான். "மேடம், ஆர்டர்ல இல்லாதத நான் எழுத முடியாதுங்க" என்றார் முதலிலேயே. "உங்கள மாத்தி எழுதச் சொல்லி வரலீங்க. பாக்கறத எழுதுங்க, போதும். ஆனா சித்த நேரம் இருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் எழுந்துவிட்டார். கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை.

ஆய்வு நாள் காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு டிராக்டர் நின்றது. டிரெய்லர் முழுக்கப் பளபளவென்று கூண்டுகள். நடராஜுக்கு மனசு கேட்கவில்லை. ரெண்டு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "மச்சானுக்குத் தோப்புப் போயிருமேன்னு தூக்கமே வரலீங்க டாக்டரம்மா. இன்னும் நேரம் இருக்குது, மாட்டிப்போடறமுங்க" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அந்த மனிதரை எப்படிக் கோபிப்பது? செல்வராஜ் டிரெய்லர் மேல் கையை வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்தார். இறக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். நான் அம்மாளைப் பார்த்தேன். அவர் ஒதுங்கி நின்றுகொண்டார்.

தனலட்சுமி கொட்டகைக் கதவருகே நின்றிருந்தார். உள்ளே கோழிகள் நார்க் கழிவில் புழுதிக் குளியல் போட்டுக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தார். "எறக்காதீங்ணா" என்றார். "நீங்க கொண்டாந்ததே பெருசுங்ணா. ஆனா எறக்காதீங்க."

டிராக்டரைத் திருப்புவதற்குள் அதிகாரிகளின் ஜீப் வந்து வழியை அடைத்துக்கொண்டது. இறங்கிய அதிகாரி கூண்டுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதென்னங்க?" என்றார். நடராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது... நம்முளுதுங்க சார், சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க" என்றார். கோழிக் கூண்டோடு காலாற வந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். தனலட்சுமி சொன்னார், "உங்களுக்குக் காட்டறதுக்கு இரவலாக் கொண்டாந்தாங்க சார். நான்தான் வேண்டாம்னுட்டேனுங்க."

கூட வந்த வங்கிக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. காலைத் தட்டில் நனைத்துவிட்டு உள்ளே போனார். வாசலிலேயே நின்று இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதப் பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில் மரகதம் அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் குந்திவிட்டார். எழுபதை நெருங்கிய பெண்மணி தரையில் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு பேச எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. அதிகாரி கொஞ்சம் தடுமாறினார். பிறகு பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் குந்தினார். வங்கிக்காரருக்கும் வேறு வழியில்லை.

ஒரு கோழி வந்து அதிகாரியின் ஷூ லேஸைக் கொத்திப் பார்த்தது. அம்மாள் ஒரு பிடி நார்க் கழிவை எடுத்து அவர் கையில் வைத்தார். அதிகாரி அழுத்தித் திறந்தார், உதிர்ந்தது. முட்டைப் பெட்டிகளை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "இந்நேரத்துக்கு என்ற கண்ணு எரிஞ்சிருக்கோணுமுங்க மேடம். எரியல" என்றார். அம்மாள், "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அதிகாரி வெளியே வந்து எழுதினார். கூண்டு இல்லை என்று எழுதினார். "மன்னிச்சுக்கோங்க. அத எழுதாம இருக்க முடியாது" என்று தனலட்சுமியிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனைக்குப் பிறகுமா என்று பொரிந்து தள்ளினேன். "நேர்மையா எழுதியிருக்காருங்க சலீம்" என்றார் அம்மாள். 'ங்க' வந்துவிட்டதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

சொன்னதுபோலவே பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. செல்வராஜ் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஆட்களைத் தயார் செய்தார். அங்கேயும் அவருக்கு ஒரு முறை உண்டு. எங்களைப் போன்ற அமைப்புக்காரர்கள் மைக் பிடிக்கக்கூடாது, விவசாயிதான் பேச வேண்டும், நாங்கள் கடைசி வரிசை. செல்வராஜுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. யார் பேசுவது என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடராஜ் எழுந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஐயா, நான் கூண்டு வெச்சுருக்கறவனுங்க. கூண்டு நல்லதா கெட்டதான்னு பேச நான் வரல. பக்கத்துத் தோட்டத்துல கூண்டு இல்லாம அதே கொட்டாயில கோழி வளக்கறாங்க, முட்டை எடுக்கறாங்க. பொய்க் கூண்டு மாட்டிக் காட்டியிருந்தா மானியம் வந்திருக்கும். நான்தான் கொண்டுபோனேன், அந்தப் புள்ள வேண்டாம்னுருச்சு. நெசத்தச் சொன்னதுக்குத் தோப்பைக் குடுக்கோணுமுங்களா?"

கலெக்டர் திரும்பி, கால்நடைத் துறை வரிசையைப் பார்த்துக் கேட்டார். அந்த அதிகாரி எழுந்தார். "கூண்டு இல்லைங்க சார், அப்படித்தான் எழுதியிருக்கேன். ஆனா கோழி இருக்குதுங்க, முட்டை இருக்குதுங்க. நான் பாத்ததுலயே சுத்தமான கொட்டாயிங்க. திட்டம் முட்டைக்குத்தானுங்களே சார்" என்றார். மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அவரைத் திட்டிய வாயால் அன்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வசூலை நிறுத்தி வைத்து, மேலே பரிந்துரை அனுப்பினார்கள். அதன் பிறகு நாங்கள் சென்னைக்கு அலைந்த கதையைச் சொன்னால் செருப்புக் கடைக்காரருக்குத்தான் சந்தோஷம். கடைசியில் ஆணை திருத்தப்பட்டது. "கூண்டு முறை" என்று இருந்த இடத்தில் "கூண்டு அல்லது தரை முறை" என்று வந்தது. தோப்பு தப்பியது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கூண்டில்லாமல் கொட்டகை போட்டார்கள். கூண்டு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. பல்லடம் சாலையில் போனால் நீங்களே பார்க்கலாம். வித்யாவுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் நிறைய வேலை மீதி இருக்கிறது.

திருத்திய ஆணையின் நகலைக் கொடுக்க நாங்கள் தோப்புக்குப் போனோம். செல்வராஜ் அதை வாங்கிப் படிக்க முடியாமல் தேம்பி அழுதார். தனலட்சுமி அழவில்லை. எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டாக்டரம்மா, தோப்பே போயிருந்தாலும் அன்னிக்கு எறக்க வேண்டாம்னு சொன்னத நான் மாத்திச் சொல்லியிருக்கமாட்டேனுங்க" என்றார்.

அம்மாள் இளநீரைக் கீழே வைத்தார். அத்தனை வருடத்தில் நான் பார்த்திராத ஒன்று அவர் முகத்தில் இருந்தது. தனலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மாத்தியிருப்பேன் அம்மணி" என்றார். "நோட்டீஸ் வந்த அன்னிக்கு, எறக்கச் சொல்லியிருக்கலாமேன்னு நெனச்சு அழுதுபோட்டேன்."